ட்ராமடூர்க்மாருக்கு, மேடைக்குப் பின்னால நிக்கிற ஒருத்தன்ர திறந்த மடல்

வணக்கம்.

ஜேர்மனியில நகரசபைக் காசில ஓடுற தியேட்டர்களில இருக்கிற ட்ராமடூர்க்மாருக்கும், யூனிவர்சிற்றியளில நாடகக் கோட்பாடு படிப்பிக்கிற புரொபெசர்மாருக்கும் எழுதிக்கொள்வது. என்னை உங்களுக்குத் தெரியாது, ஆனா கண்டிருப்பியள். ரெண்டு காட்சிக்கு நடுவில லைற் நூந்தவுடன கறுப்பு ரீசேட்டோட மூண்டு நாலு பேர் ஓடிவந்து கதிரை மேசையைத் தூக்கிக்கொண்டு போவினமே, அதில கட்டையா இருக்கிற ஆள் நான். 24 வருசமா இதே வேலை, இதே தியேட்டர். எந்த ஊர் எந்தத் தியேட்டர் எண்டு எழுதேல்ல, எழுதினா நாளைக்குக் கன்டீனில சூப் வாங்கப் போக ஏலாது.

முதல் இதை டொச்சில, அதுதான் ஜேர்மன் மொழியில, எழுதத்தான் வெளிக்கிட்டனான். ரெண்டு பக்கம் எழுதிப்போட்டு வாசிச்சுப் பாத்தால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு விசா நீடிக்கச் சொல்லி எழுதின கடிதம் மாதிரிக் கிடக்கு, கிழிச்சுப்போட்டன். அதால தமிழ். உங்களுக்கு வாசிக்கோணும் எண்டால் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடியுங்கோ. இந்த நாட்டுக்கு வந்த புதிசில என்ர முழுக் கதையையும் நான் ஒரு மேசைக்கு முன்னால இருந்து இன்னொருத்தற்ற வாயாலதான் சொன்னனான், பாதி விளங்காமப் போனாலும் மிச்சப் பாதியை வைச்சு முடிவெடுத்தவை, நீங்களும் அப்பிடியே எடுங்கோ.

எங்கட சனமும் இதை வாசிக்கும், அவைக்கு ஒரு வரி: ட்ராமடூர்க் எண்டால் டைரக்டரும் இல்லை, எழுத்தாளரும் இல்லை. தியேட்டரில மாதச் சம்பளத்துக்கு இருந்து எந்த நாடகம் போடுறது, எங்க வெட்டுறது, புரோகிராம் புத்தகத்தில என்ன எழுதுறது எண்டு பாக்கிற படிச்ச ஆள். லெஸ்ஸிங் எண்டவர் 1767ல ஹம்பேர்க்கில ஒரு தியேட்டருக்குப் போய் இருந்து நாடகங்களைப் பற்றித் தொடரா எழுதினார், அதில இருந்து வந்த உத்தியோகம். நல்ல மனுசர்தான் கனபேர். நான் சண்டைக்கு வரேல்ல. கொஞ்சம் சண்டைதான்.

விசயம் இதுதான். போன சீசனில எங்கட தியேட்டரில ஈஸ்கிலஸ் எண்ட பழைய கிரேக்க நாடகாசிரியற்ற நாடகம் ஒண்டைப் புதுசாக்கிப் போட்டவை, தஞ்சம் கேட்டு வாற 50 பெண்களின்ர கதை. நாடகம் தொடங்க அரை மணித்தியாலத்துக்கு முந்தி வெளி ஹோலில ட்ராமடூர்க் நிண்டு சனத்துக்கு விளக்கம் குடுக்கிறது வழமை. அண்டைக்கு அங்க கிடந்த வாங்கு ஒண்டு ஆடுது எண்டு என்னைக் கூப்பிட்டவை, நான் ஸ்க்ரூவை இறுக்கிற சாட்டில குந்தியிருந்து முழுக்கக் கேட்டன். அவ சொன்னா, ஐரோப்பிய நாடகத்தின்ர 2,500 வருசப் பாரம்பரியம் எண்டால் ஒரு கதை, அதுக்குத் தொடக்கம் நடு முடிவு, ஒரு நாயகன், அவன் விடுற பிழை, கடைசியில கதார்சிஸ், அதாவது பயமும் இரக்கமும் வந்து மனம் வடியிறது, இதுதான் அரிஸ்டோட்டில் சொன்னது, இதுதான் கிரேக்கம், நாங்கள் இப்ப அதைத் தாண்டி வந்திட்டம், இண்டைக்கு நீங்கள் பாக்கப்போறதில கதை இல்லை, பாத்திரம் இல்லை, ஒரு கோரஸ்தான் நிக்கும், கூட்டமாப் பாடிப் பேசுற ஆக்கள், இது போஸ்ட்டிராமாட்டிக், டிராமாவுக்குப் பிந்தினது எண்டு. சனம் வைன் கிளாசோட தலையாட்டிச்சு. எனக்குச் சிரிப்பும் வந்தது எரிச்சலும் வந்தது. ஏனெண்டால் கோரஸ் நிக்கிற நாடகத்தைக் காட்டி, கிரேக்கத்தைத் தாண்டியிட்டம் எண்டு சொல்லுறது, கிணத்தடியில நிண்டு தண்ணி கண்டுபிடிச்சிட்டன் எண்டு சொல்லுற மாதிரி.

போஸ்ட்டிராமாட்டிக் எண்ட சொல்லைப் பரப்பிவிட்ட ஆள் ஹான்ஸ்-தீஸ் லேமன். ஃபிராங்ஃபுர்ட்டில புரொபெசரா இருந்தவர், 1999ல புத்தகம் வந்தது, மனுசன் 2022ல காலமானார். நான் அந்தப் புத்தகத்தை நூலகத்தில எடுத்து அகராதியோட எட்டு மாசம் வாசிச்சன், பைன் கட்டினதும் உண்மை. அவர் சொல்லுறது என்னெண்டால், 1960, 70க்குப் பிறகு மேடையில வசனமும் கதையும் ராசா இல்லை, உடம்பு, சத்தம், வெளிச்சம், நேரம் எல்லாம் அதோட சரிசமமா நிக்குது எண்டு. மேடை வேலைக்காரனுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்கு. ஆனா உங்களிட்ட ஒண்டு கேக்கோணும், அவர் அதுக்கு எட்டு வருசம் முந்தி, 1991ல, கிரேக்க துன்பியலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினவர், அதை ஆராவது வாசிச்சனீங்களோ? அதில அவர் பழைய கிரேக்க நாடகத்தை 'டிராமாட்டிக்' எண்டே சொல்லேல்ல, 'டிராமாவுக்கு முந்தினது' எண்டுதான் சொல்லுறார். அதாவது நீங்கள் விளக்கம் குடுக்கிற மேசையில மந்திரம் மாதிரிச் சொல்லுற பேருக்குச் சொந்தக்காரரே, கிரேக்கமும் அரிஸ்டோட்டில்ன்ர சூத்திரமும் ஒண்டில்லை எண்டு முதலே எழுதிவைச்சிட்டார்.

ஆனா அவரிலயும் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கு. அந்த 'முந்தி'யும் 'பிந்தி'யும். அநுராதபுரத்துக்கு இங்கால, அநுராதபுரத்துக்கு அங்கால எண்டு சொன்னால் வவுனியாவுக்கும் குருநாகலுக்கும் சொந்தப் பேர் இல்லாமப் போகுதெல்லோ, அது மாதிரி. நடுவில நிக்கிற அந்த ஐரோப்பிய டிராமா, 16ம் நூற்றாண்டில இருந்து 19ம் நூற்றாண்டு மட்டும் ஓடின சாமான், அதை வைச்சுத்தான் ரெண்டு பக்கமும் அளக்கிறார். ஹேகல் எண்ட ஜேர்மன் தத்துவக்காரன்ர படிக்கட்டு இன்னும் உடையேல்ல, ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிவாறது எண்ட நினைப்பு.

அந்தப் படிக்கட்டு ஒருக்கால் எப்பிடி வழுக்கினது எண்டு சொல்லுறன், இதுதான் எனக்கு இந்த விசயம் முழுக்கலையும் பிடிச்ச கதை. அதே தஞ்சம் கேக்கிற பெண்களின்ர நாடகம்தான், அதில கோரஸ்தான் நாயகி, முழு நாடகமும் அந்தப் பெண்களின்ர பாட்டும் ஆட்டமும்தான். அதைப் பாத்த பெரிய பெரிய அறிஞர்மார் எல்லாம், கோரஸ் இவ்வளவு பெரிசா இருக்கிறதால இதுதான் கையில கிடைச்சதில ஆகப் பழைய நாடகம், இன்னும் வளராத நாடகம் எண்டு முடிவுகட்டி வைச்சிருந்தவை. 1952ல எகிப்தில ஒக்சிரிங்கஸ் குப்பைமேட்டில கிடைச்ச பப்பைரஸ் துண்டு ஒண்டு அச்சில வந்தது. அதில போட்டி முடிவு எழுதிக்கிடக்கு, ஈஸ்கிலஸ் முதலாம் இடம், அவரிலும் இளைய நாடகாசிரியர் சொபக்கிளிஸ் ரெண்டாம் இடம். சொபக்கிளிஸ் போட்டிக்கு வந்ததே கி.மு. 468லதான். அப்ப இந்த நாடகம் கி.மு. 472ல போட்ட 'பாரசீகர்' நாடகத்துக்கும் பிறகு வந்தது, ஈஸ்கிலஸ் நரைச்ச பிறகு எழுதினது. அவருக்குக் கோரஸைப் பின்னுக்கு வைச்சும் எழுதத் தெரியும், வேணும் எண்டுதான் அந்தப் பெண்களை நடுவில நிப்பாட்டினவர். கைவிரல் அளவு பப்பைரஸ், ஒரு நூறு வருசக் கோட்பாட்டைக் கவிழ்த்துப்போட்டுது. உங்கட புரோகிராம் புத்தகத்தில இதுக்கு நாலு வரி ஒதுக்கினால் என்ன, நடிகர்மார் எந்த ஊரில படிச்சவை எண்டதுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிறியள்.

இனி அரிஸ்டோட்டில். எல்லாரும் அந்த மனுசனைத்தான் போட்டு அடிக்கிறியள், ஜேர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் தன்ர நாடக முறைக்கே 'அரிஸ்டோட்டில் இல்லாதது' எண்டுதான் பேர் வைச்சார், 2007ல ஃப்ளோறன்ஸ் டுப்போன் எண்ட பிரெஞ்சு அறிஞர் அவரை மேற்கத்தைய தியேட்டரின்ர ரத்தக்காட்டேரி எண்டே புத்தகத்துக்குத் தலைப்பு வைச்சா. டுப்போன் சொல்லுறதில நியாயம் இருக்கு: அரிஸ்டோட்டில் நாடகத்தைத் திருவிழாவில இருந்து பிடுங்கி, பாட்டில இருந்து பிடுங்கி, கதைக்கட்டு எண்டதை மட்டும் நடுவில வைச்சார். நாடகத்தைப் பற்றி அவர் எழுதின 'கவிதையியல்' புத்தகத்தின்ர ஆறாம் அதிகாரத்தில அவரே சொல்லுறார், மேடைக்காட்சி எண்டது கலையோட ஆகக் குறைஞ்ச சம்பந்தம் உள்ள சாமான், போட்டியும் நடிகரும் இல்லாமலே துன்பியல் வேலை செய்யும் எண்டு. அது முகமூடி செய்யிறவன்ர வேலை எண்டும் ஒரு இடி. என்ர தொழிலுக்கு இவ்வளவு வடிவா ஆரும் ஏசினதில்லை.

ஆனா காலத்தைப் பாருங்கோ. சொபக்கிளிசும், மற்றப் பெரிய துன்பியல்காரர் யூரிப்பிடிசும் செத்தது கி.மு. 406 அளவில. பழைய நாடகங்களைத் திரும்பப் போடுற வழக்கம் ஏதென்ஸில தொடங்கினது கி.மு. 386. அரிஸ்டோட்டில் பிறந்தது 384. அவர் கண் முழிக்கேக்குள்ளயே அந்த நாடகங்கள் 'பழைய நாடகம்' ஆகியிட்டுது. அவர் ஏதென்ஸில படிப்பிச்ச காலத்திலதான் தியேட்டர் வாங்குகள் கல்லில கட்டுப்பட்டுது, மூண்டு பெரிய ஆக்களின்ர பிரதியளும் அரசாங்கப் பெட்டகத்துக்குப் போனது. கோரஸ் அப்பவே இடைவேளைப் பாட்டாப் போச்சு, எந்த நாடகத்துக்கும் பொருந்துற பாட்டு. அவர் அதைப் பிடிக்காமல், கோரஸையும் ஒரு நடிகனா எடுக்கோணும் எண்டு 18ம் அதிகாரத்தில எழுதுறார், பாவம். கொஞ்சம் பிந்தின மெனாண்டர் எண்ட இன்பியல்காரற்ற நாடகப் பிரதியளில கோரஸ் வாற இடத்தில 'கோரஸ்ன்ர' எண்டு ஒரு சொல்லு மட்டும் கிடக்கு, என்ன பாடினவை எண்டே இல்லை.

இன்னொரு விசயம், இது எனக்கு ஒரு இரவு நித்திரை வராமக் கிடக்கேக்குள்ள உறைச்சது. அரிஸ்டோட்டில் ஏதென்ஸ்காரன் இல்லை. வடக்கில ஸ்டகிரா எண்ட ஊர். ஏதென்ஸில அவர் மெட்டிக், எங்கட பாசையில வதிவிட விசாவோட இருக்கிற வெளிநாட்டான். மெட்டிக் எண்டால் ஆம்பிளைக்கு வருசம் 12 திரக்மா தலைவரி, காணி வாங்க ஏலாது, சபையில கை உயர்த்த ஏலாது. நகரப் பெருவிழாவில, அதுதான் பெரிய டயோனீசியா, கோரஸில நிண்டு ஆட ஏலாது, அது குடிமக்களுக்கு மட்டும். குளிர்கால லெனாயா விழாவில மட்டும் மெட்டிக்குகளுக்கு இடம் குடுத்தவை. கடைசியில அலெக்சாண்டர் செத்தவுடன வழக்குப் போட வெளிக்கிட்டவை எண்டு ஊரைவிட்டுக் கல்கிசுக்குப் போய், கி.மு. 322ல அங்கயே கண்ணை மூடினார். இனி நான் சொல்லப்போறது என்ர ஊகம். அந்த விழாவில கோரஸில நிக்க உரிமை இல்லாத மனுசனுக்கு நாடகம் எதில கிடைச்சிருக்கும்? பிரதியில. வாசிச்சாலே போதும், மேடை தேவையில்லை எண்டு சொல்லுறது, உள்ள விடாத கலியாண வீட்டுக்கு வெளியில நிண்டு சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை எண்டு சொல்லுற குரல் மாதிரி எனக்குக் கேக்குது. நான் அந்தக் குரலில கனகாலம் கதைச்சிருக்கிறன். அதால அந்த மனுசனில எனக்குக் கோபம் வருகுதில்லை.

அவருக்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. 'கவிதையியல்' முதல் சிரிய மொழிக்குப் போய், 10ம் நூற்றாண்டில பக்தாத்தில அபூ பிஷ்ர் மத்தா அதை அரபுக்குக் கொண்டுவந்தார், 12ம் நூற்றாண்டில கோர்டோபாவில இப்னு ருஷ்த் உரை எழுதினார். மேடை நாடகமே கண்ணால காணாத ஆக்கள், துன்பியல் எண்டால் புகழ்ந்து பாடுறது, இன்பியல் எண்டால் வசை பாடுறது எண்டு விளங்கிக்கொண்டு எழுதினவை. அந்த உரை 1256ல லத்தீனுக்குப் போச்சு, ஐரோப்பா கனகாலம் அதைத்தான் வாசிச்சுது. பிறகு 1570ல கஸ்டல்வேட்றோ எண்ட இத்தாலிக்காரர் காலம் ஒண்டு, இடம் ஒண்டு, செயல் ஒண்டு எண்டு மூண்டு சட்டம் கட்டினார். அரிஸ்டோட்டில் வற்புறுத்தினது செயல் ஒண்டா இருக்கிறதை மட்டும்தான், இடத்தைப் பற்றி அவர் மூச்சே விடேல்ல. பிரான்சில அந்தச் சட்டத்தை வைச்சு 1637ல கொர்னேய்ல்ன்ர நாடகத்துக்குக் கோட்டு விசாரணை மாதிரி நடத்தினவை. ஆக உங்கட விளக்க மேசையில 2,500 வருசப் பாரம்பரியம் எண்டு சொன்னதில பெரும் பங்கு ஒரு 400 வருச இத்தாலி பிரெஞ்சுச் சரக்கு. அதைத் தாண்டினது சந்தோசம். கிரேக்கத்தைத் தாண்டினதாக் கணக்கெழுதாதேங்கோ.

சரி, அப்ப அந்தக் காலத்து ஏதென்ஸில என்ன இருந்தது? புத்தகங்களில இருக்கிற கணக்கைக் கூட்டிப் பாத்தன். பெரிய டயோனீசியாவில பத்துக் குலத்துக்கும் டித்திராம்ப் எண்ட கூட்டுப் பாட்டுப் போட்டி, ஒவ்வொரு குலத்துக்கும் 50 ஆம்பிளையள், 50 பெடியன்கள், அதிலயே 1,000 பேர். துன்பியல் மூண்டு புலவருக்கு 15 பேர்ப்படி 45, இன்பியல் அஞ்சு புலவருக்கு 24 பேர்ப்படி 120. மொத்தம் 1,165 பேர் ஒரே விழாவில ஆடிப் பாடியிருக்கினம், ஒருத்தரும் தொழில்காரர் இல்லை, செருப்புத் தைக்கிறவன், எண்ணெய் விக்கிறவன், கப்பல் துடுப்பு வலிக்கிறவன். செலவு ஒரு பணக்காரன்ர தலையில, அது தர்மம் இல்லை, வரி மாதிரிக் கடமை. ஈஸ்கிலஸ்ன்ர 'பாரசீகர்' நாடகத்துக்குக் காசு போட்டது பெரிக்ளிஸ், பிறகு ஏதென்ஸின்ர பெரிய தலைவரானவர், அப்ப அவர் இருபது இருபத்திரண்டு வயசுப் பெடியன். இந்தக் கணக்கை வருசாவருசம் பெருக்கிப் பாருங்கோ. வாங்கில இருந்து பாத்தவனில எத்தினை பேர் முந்தி ஒருக்கால் வட்டத்துக்குள்ள நிண்டு ஆடினவன்! அவன் கோரஸைப் பாக்கேக்குள்ள 'கூட்டு உடம்பின்ர அழகியல்' பாக்கேல்ல, அடுத்த காலை எங்க வைக்கோணும் எண்டு தன்ர காலுக்கே தெரிஞ்சிருக்கும்.

எனக்கு இது புதுசில்லை, என்ர பெரியப்பா அண்ணாவியார். வட்டக்களரி போட்டு விடிய விடியக் கூத்து நடக்கும், பிற்பாட்டுக்காரர் ஒரு அடியைத் திருப்பி எடுக்க முந்தியே பாயில படுத்திருக்கிற கிழவன் எடுத்திடுவான், அவன் இருபது வருசத்துக்கு முந்தி அதே கூத்தில சேனாதிபதி. எங்கட கூத்தும் கிரேக்கமும் ஒண்டு எண்டு நான் சொல்ல வரேல்ல, அது முட்டாள் கதை. ஆனா ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாக்கலாம் எண்டு எங்கட ஆக்கள் உங்களுக்கு முந்தியே யோசிச்சவை. 'ஈஸ்கிலசும் ஏதென்ஸும்' எண்டு 1941ல எழுதின ஜோர்ஜ் தோம்சனிட்ட, பேமிங்ஹாமில, எங்கட கைலாசபதியும் சிவத்தம்பியும் போய் இருந்து ஆராய்ச்சி செய்தவை. சிவத்தம்பி எழுதினது பழந்தமிழ்ச் சமூகத்தில நாடகம் பற்றி, 1981ல புத்தகமா வந்தது. உங்கட நூலகத்தில தோம்சன் இருக்கிறார், நான் பாத்தன், பக்கத்தில சிவத்தம்பி இல்லை. வாங்கிப் போடுங்கோ.

இனி நீங்கள் கோரஸைத் திரும்ப எடுத்த கதை. அதில எனக்கு மரியாதை இருக்கு, சும்மா சொல்லேல்ல. இந்த நாட்டில கோரஸ் எண்டால் பயம், அதுக்குக் காரணம் இருந்தது. நாசிகள் 1933க்குப் பிறகு 'திங்ஷ்பீல்' எண்டு திறந்தவெளியில ஆயிரக்கணக்கில ஆக்களை நிப்பாட்டி ஒரே குரலில கத்த வைச்சவை. பெர்லினில நீங்கள் இப்ப பாட்டுக் கச்சேரிக்குப் போற வால்ட்பியூனே, கிரேக்கத்தில இருக்கிற பழைய எபிடவ்ரஸ் தியேட்டரை மாதிரியாப் பாத்து 1936 ஒலிம்பிக்குக்கு அவை கட்டினது. அதுக்குப் பிறகு பத்துப் பேர் ஒண்டாச் சேர்ந்து மேடையில வாய் திறந்தாலே சனத்துக்கு வயித்தைக் கலக்கும். பிரெக்ட் 1948ல சுவிஸில, கூர் எண்ட சின்ன ஊரில, கவிஞர் ஹோல்டர்லின்ர மொழிபெயர்ப்பை எடுத்துச் சொபக்கிளிஸ்ன்ர அன்ரிகொனி போட்டார், கோரஸ் இருந்தது. அரிஸ்டோட்டில் வேண்டாம் எண்ட மனுசன் முகமூடி, பாட்டு, கதைசொல்லி எண்டு தேடிப் போனதெல்லாம் அரிஸ்டோட்டிலுக்கு முந்தின சாமான்தானே.

ஆனா உண்மையில பூட்டை உடைச்சது டைரக்டர் ஐனர் ஷ்லேஃப். கிழக்கு ஜேர்மனியில இருந்து 1976ல இங்கால வந்தவர், அவரும் ஊர் விட்ட ஆள், அதோட திக்குவாய். திக்கித் திக்கிக் கதைக்கிற மனுசன்தான் இந்த நாட்டில ஆகப் பெரிய கோரஸ்களைப் பேசவைச்சது, அதை நினைச்சால் எனக்கு இப்பவும் ஒரு மாதிரி வரும். 1986ல ஃபிராங்ஃபுர்ட்டில 'தாய்மார்' எண்டு போட்டார், யூரிப்பிடிசும் ஈஸ்கிலசும் கலந்து, சனத்துக்கு நடுவால மேடையை நீட்டி, பெண்களின்ர பெரிய கோரஸ், காலடிச் சத்தமே இடி மாதிரி. விமர்சகர்மார் கிழிச்சுத் தொங்கவிட்டவை. நாசிக் கூத்து எண்டும் சொன்னவை. ஷ்லேஃப் 1997ல எழுதின கட்டுரைப் புத்தகத்தில தன்ர வாதத்தைச் சொல்லுறார்: ஜேர்மன் செவ்வியல் நாடகம் தனி நாயகனைப் பெரிசாக்கக் கோரஸையும் பெண்ணையும் சேர்த்து மேடையை விட்டுத் துரத்தினது எண்டு. மனுசன் 2001ல போயிட்டார். இப்ப அதே விமர்சனப் பக்கங்களில அவர் முன்னோடி.

பிறகு யெலினெக், ஒஸ்ரியா எழுத்தாளர். 2012 டிசம்பரில வியன்னாவில அகதியள் போய் வோட்டிவ் தேவாலயத்தில இருந்ததைப் பாத்து எழுதின நாடகம், தலைப்பே ஈஸ்கிலஸ்ன்ர நாடகத்தின்ர டொச்சுப் பேரைக் கொஞ்சம் திருப்பி வைச்சது, தஞ்சம் கேக்கிறவை எண்ட இடத்தில பொறுப்பில ஒப்படைக்கப்பட்டவை எண்டு. பாத்திரப் பேர் ஒண்டும் இல்லை, 'நாங்கள்' 'நாங்கள்' எண்டே போகும். 2014ல டைரக்டர் நிக்கொலாஸ் ஸ்டேமான் உண்மையான அகதியளையும் மேடையில நிப்பாட்டிப் போட்டார், அதுக்குள்ளயே ஆர் ஆருக்காகக் கதைக்கிறது எண்ட சண்டையையும் வெளிக்காட்டினார், அது நேர்மை. 2018ல டைரக்டர் மிலோ ராவ் பெல்ஜியத்தில கெண்ட் நகரத்துத் தியேட்டருக்குப் பத்துச் சட்டம் எழுதினார், ரெண்டு பேராவது தொழில் நடிகர் இல்லாத ஆக்களா இருக்கோணும் எண்டு ஒரு சட்டம். அதில எனக்குப் பிடிச்சது செற் முழுக்க 20 கன மீற்றருக்கு மேல போகப்படாது, சாதாரண லைசென்ஸோட ஓட்டுற வானில அடங்கோணும் எண்ட சட்டம். இதை எழுதினவன் ஒருக்காலாவது சாமான் தூக்கியிருக்கிறான்!

இப்ப எங்கட தியேட்டருக்கு வாறன். எங்கட நாடகத்திலயும் அதே மாதிரி ஹைமில, அதுதான் அகதியள் இருக்கிற விடுதியில, இருந்து 14 பேரைக் கூட்டிவந்து கோரஸ் ஆக்கினவை. ஆறு கிழமை ஒத்திகை. பஸ் காசும் ஒரு சின்னத் தொகையும். நல்லாச் செய்தவை, பெடியன் ஒருத்தன் 'நாங்கள்' எண்டு சொல்லேக்குள்ள முன்வரிசையில இருந்த மனுசி ஒண்டு அழுதது எனக்குப் பக்கவாட்டில நிண்டு தெரிஞ்சது. பேப்பரில நல்ல விமர்சனம், கூட்டுக் குரல், கூட்டு உடம்பு எண்டெல்லாம் எழுதியிருந்தது. எட்டு முறை போட்டு, ரிக்கெற் போகேல்ல எண்டு நிப்பாட்டியிட்டினம். நடிகர்மாருக்கு மெயில் போச்சு. அந்த 14 பேருக்கும் சொல்லுறது ஆற்ற பொறுப்பு எண்டு ஆருக்கும் தெரியேல்ல. அடுத்த வெள்ளி பின்னேரம் பின்வாசலில அந்தப் பெடியன் நிக்கிறான், ஒரு பையுக்குள்ள ஒத்திகைச் சப்பாத்து. எத்தினை மணிக்கு எண்டு கேக்கிறான். நான்தான் சொன்னனான் இல்லை எண்டு. இனி எப்ப எண்டு கேட்டான். அதுக்கு மறுமொழி எனக்கும் தெரியாது.

இதை நான் இரக்கத்துக்கு எழுதேல்ல, கோட்பாட்டுக்குத்தான் எழுதுறன். கோரஸ் எண்டால் கூட்டுக்குரல், தனிமனிதனைக் கரைக்கிற வடிவம், பிரதிக்கு எதிர்ப்பு எண்டு எழுதுறியள். ஆர் காசு குடுக்கிறது, எத்தினை மாசம் பழகிறது, ஆடாத வருசம் அந்த ஆள் எங்க இருந்து பாக்கிறது, அடுத்த வருசம் திரும்ப வருவானோ எண்டு எழுதுறியள் இல்லை. அப்பிடியெண்டால் நீங்கள் செய்தது என்ன? விழாவில இருந்து வடிவத்தை மட்டும் பிடுங்கி எடுத்தியள். அரிஸ்டோட்டில் கதைக்கட்டைப் பிடுங்கினார், நீங்கள் கோரஸைப் பிடுங்கினியள், பிடுங்கல் ஒண்டுதான். அவருக்காவது ஒரு நியாயம் இருந்தது, அந்த ஊர் அவரை உள்ள விடேல்ல. உங்களுக்கு நகரசபை கட்டிடம் தந்து, சம்பளம் தந்து, சாவியும் தந்திருக்கு.

இன்னுமொண்டு, இதுதான் எனக்கு முக்கியம். ஏதென்ஸைப் பெரிசாப் புளுகிறன் எண்டு நினைக்காதேங்கோ. அடிமைக்கு வாக்கில்லை, பெண்ணுக்கு வாக்கில்லை, அந்தத் தஞ்சம் கேக்கிற பெண்களா ஆடினதே முகமூடி போட்ட ஏதென்ஸ் ஆம்பிளையள். நீங்கள் இதை ஒரு குறையா எழுதுவியள், நாங்கள் உண்மையான அகதியைக் கொண்டந்தம் எண்டு மார் தட்டுவியள். கொஞ்சம் பொறுங்கோ. அந்த நாடகத்தில என்ன நடக்குது? பெண்கள் தஞ்சம் கேக்கினம், ராசா பெலாஸ்கஸ், நான் தனிய முடிவெடுக்க மாட்டன், ஊரைக் கேக்கோணும் எண்டுறான். ஊர் கூடுது, பெண்களின்ர தகப்பன் அங்க போயிட்டுத் திரும்பி வந்து சொல்லுறான், வலக்கையள் உயர்ந்ததில ஆகாயமே மயிர்க்கூச்செறிஞ்சுது எண்டு, எதிர்த்து ஒரு கை இல்லை. மக்கள், ஆட்சி எண்ட ரெண்டு சொல்லையும் கிட்டக்கிட்ட வைச்ச ஆகப் பழைய வரியளில ஒண்டும் இந்த நாடகத்திலதான் கிடக்கு. பெண்களுக்குக் கிடைக்கிறது மெட்டிக் உரிமை, வதிவிட விசா எண்டு வையுங்கோ. இப்ப யோசியுங்கோ, வட்டத்துக்குள்ள அகதி முகமூடியோட நிண்டு உயிருக்குக் கெஞ்சுறவன் ஆர்? அடுத்த மாசம் சபையில வெளிநாட்டானுக்கு இடம் குடுக்கிறதோ இல்லையோ எண்டு கை உயர்த்தப் போறவன். கெஞ்சுற பாட்டை மாசக்கணக்கில அவன்தான் மனப்பாடமாக்கோணும், அந்த மூச்சை அவன்தான் பிடிக்கோணும்.

எங்கட மேடையில என்ன நடந்தது? வாக்கு இருக்கிறவன் வாங்கில, வாக்கு இல்லாதவன் மேடையில. ஏற்கனவே அதிகாரிக்கு முன்னால ஒருக்கால் கெஞ்சினவனைக் கூட்டிவந்து, இன்னொருக்கால், இப்ப சந்தத்தோட, கெஞ்ச வைச்சியள். அவனுக்கு அந்தப் பாட்டுப் பழக ஆறு கிழமை தேவையில்லை. பழகவேண்டியது முன்வரிசையில அழுத மனுசி. நான் அவவைப் பழிக்கேல்ல, அவ நல்ல மனுசி, பத்து வருசச் சந்தாக்காரி. அவவுக்கும் ஒரு முகமூடி குடுத்திருக்கலாம் எண்டுதான் சொல்லுறன். அகதி தன்ர கதையைத் தானே சொல்லோணும் எண்டது நல்ல நினைப்பு, நான் அதை மறுக்கேல்ல, ஆனா அதை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டால் மற்றவன் எண்டைக்கும் பாக்கிறவனாவே இருந்திட்டுப் போயிடுவான்.

அதால என்ர கோரிக்கை சின்னது. அடுத்த சீசன் திட்டத்தில திரும்பவும் கிரேக்க நாடகம் ஒண்டு இருக்கு எண்டு கன்டீனில கதை அடிபடுது. கோரஸுக்கு ஹைமில போய் ஆள் தேடாதேங்கோ. ஹைமில இருந்து வாறவைக்கு ராசா வேசம் குடுங்கோ, தூதன் வேசம் குடுங்கோ, இல்லாட்டி வாங்கில முன்வரிசை குடுங்கோ. கோரஸுக்குச் சந்தாக்காரருக்கு ஒரு கடிதம் போடுங்கோ, நகரசபையில கலாசாரக் கமிட்டியில இருக்கிறவைக்குப் போடுங்கோ, வெளிநாட்டவர் அலுவலகத்தில வேலை செய்யிறவை எவ்வளவு பேர் எங்கட தியேட்டருக்கு வருகினம் எண்டு ரிக்கெற் கவுண்டரில கேட்டால் சொல்லுவினம். ஆறு கிழமை காணாது, ஆறு மாசம் எடுங்கோ. நீங்களும் நில்லுங்கோ, கையில புரோகிராம் புத்தகம் இல்லாமல்.

ஆள் காணாட்டி எங்கட மேடைப் பகுதியில பதினொரு பேர் இருக்கிறம், அதில அஞ்சு பேருக்குப் பாட ஏலும், போலந்துக்காரன் ஒருத்தனுக்கு நல்ல கட்டைக் குரல். கேக்கிறதெண்டால் காலமை பத்து மணிக்கு முந்தி கீழ வாங்கோ, பிறகெண்டால் செற் கழட்டிற நேரம்.